காலடிக்குக் காலடி இசை வைத்தேன். சோகக் காட்சியில் எல்லோரும் சிரிக்கிறார்கள்

ஒற்றைக்கோடு · செவ்வாய், இரவு 10:12

வணக்கம். தனியாளாக ஒரு குட்டி அனிமேஷன் படம் செய்துகொண்டிருக்கிறேன். மொத்தம் 70 நொடி. கதை இவ்வளவுதான்: ஒரு தாத்தா, ஃபியூஸ் போன பல்பை மாற்ற ஏணியில் ஏறுகிறார். ஏழு படி. ஆறாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறார். வழக்கமாகக் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ளும் பாட்டி இப்போது இல்லை. பழக்கதோஷத்தில் ஒருமுறை கீழே திரும்பிப் பார்க்கிறார். பிறகு ஏழாவது படி. பல்ப் எரிகிறது. அவ்வளவுதான்.

இசையும் நானே. ஒவ்வொரு படிக்கும் வயலினில் நரம்பைச் சுண்டுகிற ஒரு ஸ்வரம். முதல் படி ச, அடுத்தது ரி, க, ம என்று ஏறி ஏழாவது படியில் நி. பல்ப் எரியும்போது மேல் ஸ்தாயி ச. ஏழு படி, ஏழு ஸ்வரம்! இது தோன்றிய அன்று இரவு நான் தூங்கவே இல்லை.

நான்கு பேருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது படியிலேயே சிரிக்க ஆரம்பித்தார்கள். பாட்டி இல்லாத இடத்தைத் தாத்தா பார்க்கும்போதும் சிரித்தார்கள்.

இன்னொன்று. என் கணினியில் கச்சிதமாகப் பொருந்துகிற ஒலி, அவர்கள் கணினியில் ஏனோ இடித்தது. ஒரே கோப்புதான். இதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

சும்மா_பார்வையாளன் · இரவு 10:20

மன்னிக்கணும் நண்பா, படத்தைப் பார்க்காமலே ‘நி’ வரும்போது எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

தாளக்கட்டு · இரவு 10:51

நீங்கள் செய்திருப்பதற்குப் பெயரே உண்டு: மிக்கி மவுசிங். திரையில் அசைவது எல்லாவற்றையும் இசையும் அப்படியே செய்துகாட்டுவது. பூனை பதுங்கினால் வாத்தியமும் பதுங்கும், விழுந்தால் ஸ்வரமும் சரியும். பெயரில் கிண்டல் இருக்கிறதே தவிர, கார்ட்டூனோடு நின்ற உத்தி இல்லை. மாக்ஸ் ஸ்டைனர் 1933இல் கிங்காங் படத்துக்கு இசையமைத்தபோது, தீவின் தலைவன் நடந்து வரும் ஒவ்வொரு அடிக்கும் ஆர்கெஸ்ட்ராவை அடிக்கவைத்தார். அடுத்த ஆண்டே இன்னொரு படத்தில் நாயகன் கால் தாங்கி நடப்பதை இசையும் தாங்கித் தாங்கி நடந்துகாட்டியது. அன்றைக்கு அது சீரியஸான இசைதான். இன்றைக்குப் பார்த்தால் கொஞ்சம் நெளியத் தோன்றும்.

ஏன் சிரிப்பு வருகிறது என்பதற்கு என் விளக்கம் இது. தாத்தா காலைத் தூக்கும்போதே அடுத்து ‘க’ வரப்போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. இசைக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு திட்டத்தின்படி அவர் நடக்கிறார். அதாவது அவர் நடக்கவில்லை, யாரோ நூல் கட்டி நடத்துகிறார்கள். பொம்மைக்காக எவரும் வருத்தப்பட மாட்டார்கள். இதில் ஏறுவரிசை வேறு! ச ரி க ம என்றால் கேட்பவர் வாய் தானாக ப என்று முடிக்கும். முடிவு தெரிந்த வாக்கியத்தில் தாத்தாவுக்கு என்ன வேலை?

பென்சில்முனை · இரவு 11:30

தாளக்கட்டு சொல்வதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குச் சண்டை போடுவேன், ஏனென்றால் இந்த உத்தியை வைத்துத்தான் பல வருடம் சோறு தின்றிருக்கிறேன்.

மிக்கி மவுசிங் என்றாலே மட்டமான வேலை என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக ஓடுகிறது. அது எவ்வளவு கடினம் என்று செய்தவனுக்குத்தான் தெரியும். 1928இல் மிக்கி மவுஸ் வரும் ஸ்டீம்போட் வில்லி என்ற டிஸ்னி கார்ட்டூனை எடுத்தபோது, படம் வரைவதற்கு முன்பே தாளத்தை முடிவுசெய்துவிட்டார்கள். வில்ஃபிரட் ஜாக்சன் என்ற இளைஞர் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) வைத்துக்கொண்டு, நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள்) என்றால் ஒரு தட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கின்மேல்தான் ஓவியர்கள் வரைந்தார்கள். அப்படியும் நியூயார்க்கில் நடந்த முதல் ஒலிப்பதிவு சொதப்பியது, ஆர்கெஸ்ட்ரா படத்தோடு ஒட்டவில்லை. இரண்டாவது முறை, நடத்துநர் பார்த்துக் கை வீசுவதற்காகப் படத்திலேயே ஒரு பந்து துள்ளுகிற மாதிரி அச்சடித்துக் கொண்டுபோனார்கள். அதன்பிறகுதான் அமைந்தது.

ஆகவே உலகின் முதல் ஒலிக் கார்ட்டூனிலேயே இசை பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட சமாச்சாரம் இல்லை. படமும் இசையும் ஒரே தாளில் பிறந்தவை. அந்தத் தாளுக்குப் பார் ஷீட் என்று பெயர். மேலே இசைக் கோடு, கீழே என்ன அசைவு என்று எழுதியிருக்கும்.

டாம் அண்ட் ஜெர்ரிக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1944இல் வந்த ஒரு படத்தில் நவீன இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் பன்னிரண்டு ஸ்வர முறையைக் கொண்டுவந்து, ஓர் எலி ஓடுவதற்குப் போட்டார். கச்சேரி மேடையில் சபையே முகம் சுளித்த இசை. இங்கே குழந்தைகள் கைதட்டிப் பார்த்தார்கள்.

சரிபார்ப்போன் · இரவு 11:44

சின்னத் திருத்தம். ஸ்டீம்போட் வில்லி முதல் ஒலிக் கார்ட்டூன் இல்லை. ஃபிளைஷர் சகோதரர்கள் 1920களின் நடுவிலேயே ஒலியோடு கார்ட்டூன் வெளியிட்டார்கள். ஜனங்கள் சேர்ந்து பாடுவதற்காகப் பாட்டு வரிகளின்மேல் பந்து துள்ளும் படங்கள் அவை. வில்லிதான் ஊரைத் திரும்பிப் பார்க்கவைத்தது. முதல் என்பது வேறு, முதலில் ஜெயித்தது என்பது வேறு.

பென்சில்முனை · இரவு 11:50

சரி ஐயா, ஒப்புக்கொண்டேன். வயசாகிவிட்டது.

தம்பி ஒற்றைக்கோடு, உங்கள் தாத்தா ஒரு படி ஏற எத்தனை ஃபிரேம் எடுத்துக்கொள்கிறார்?

ஒற்றைக்கோடு · புதன், காலை 7:05

18 ஃபிரேம் சார். ஏழு படிக்கும் அதே 18. நடை ஒன்றை வரைந்து அதையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். ஆறாவது படியில் மட்டும் 60 ஃபிரேம் நிற்பார்.

பென்சில்முனை · காலை 8:15

அப்படியென்றால் இசை மட்டும் குற்றவாளி இல்லை.

நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 1,440. 18ஆல் வகுத்தால் 80. உங்கள் தாத்தா நிமிடத்துக்கு 80 தட்டு என்கிற மெட்ரோனோம்மேல் ஏறிக்கொண்டிருக்கிறார். அனிமேஷன் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் கணக்கு ஒன்று உண்டு: அடிக்கு 12 ஃபிரேம் வைத்தால் ராணுவ நடை (வகுத்துப் பாருங்கள், சரியாக 120 வரும்), 8 வைத்தால் மெதுவான ஓட்டம் அல்லது கார்ட்டூன் நடை, 16 வைத்தால் உலாத்தல், 20 வைத்தால் வயதானவர் அல்லது களைத்தவர். அதுவும் தரையில். ஏணியில், தனியாக, பயந்துகொண்டு ஏறுகிறவருக்கு இன்னும் அதிகம் வேண்டும். எல்லாப் படிக்கும் ஒரே அளவு வைக்கவே கூடாது. முதல் இரண்டு படி 20, மூன்றாவது 22, நான்காவதில் கால் தேடுகிறது என்று 30, ஐந்தாவது 24. இப்படிக் கலைத்துப் போடுங்கள். கலைத்தபிறகு உங்கள் ச ரி க ம தானாகவே உட்காராது. அப்போது புரியும்.

நள்ளிரவு_எடிட்டர் · காலை 9:40

இசைப் பஞ்சாயத்து நடக்கட்டும். நான் ஒலி ஆள், அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் கணினியில் பொருந்தி மற்றவர் கணினியில் இடிக்கிறது என்றால் முதல் சந்தேகம் ஒன்றுதான். எதில் கேட்டு வேலை செய்கிறீர்கள், ஒற்றைக்கோடு? ஒயர் உள்ள ஹெட்போனா, புளூடூத்தா?

ஒற்றைக்கோடு · காலை 9:58

புளூடூத் அக்கா.

முதலில் கால் படியைத் தொடும் ஃபிரேமிலேயே அலைவடிவத்தைப் பார்த்து ஒலியை வைத்தேன். கேட்டால் தாமதமாக வருவது போலிருந்தது. அதனால் எல்லா ஒலியையும் ஐந்து ஃபிரேம் முன்னால் இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு கச்சிதமாக இருந்தது.

சும்மா_பார்வையாளன் · காலை 10:01

ஆஹா. கேஸ் முடிஞ்சுது.

நள்ளிரவு_எடிட்டர் · காலை 10:34

முடிந்தது. ஐந்து ஃபிரேம் என்றால் 208 மில்லிநொடி. சாதாரண புளூடூத் ஹெட்போனில் 150 முதல் 250 வரை தாமதம் இருக்கும். ஹெட்போனின் தாமதத்தைத்தான் படத்துக்குள் திருத்தி வைத்திருக்கிறீர்கள். யூடியூப் மாதிரி இடங்களில் பிளேயரே படத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்துச் சமாளித்துவிடும், அதனால் பாட்டு கேட்கும்போது யாருக்கும் இது தெரிவதில்லை. எடிட்டிங் மென்பொருள்களை அப்படி நம்ப முடியாது. ஒயர் உள்ள ஹெட்போனோ ஸ்பீக்கரோ இல்லாமல் ஒலியை ஒரு ஃபிரேம்கூட நகர்த்தாதீர்கள். நானும் ஒருமுறை இதே குழியில் விழுந்து, இரவு முழுக்கச் செய்த வேலையைக் காலையில் திருப்பிச் செய்தவள்தான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒலி பிந்தினால் மனித மூளை ரொம்பவே பொறுத்துக்கொள்ளும். முந்தினால் பொறுக்காது. ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்றில் அளந்தே சொல்லியிருக்கிறார்கள்: ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே ஆட்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பிந்தினால் சுமார் 125 வரை கவனிப்பதில்லை. ஃபிரேம் கணக்கில் முன்னால் ஒன்று, பின்னால் மூன்று. காரணம் எளிது. இடிக்கு முன்னால்தான் மின்னல். தூரத்தில் துணி துவைக்கிறவர் கை ஓங்கியபிறகுதான் சத்தம் வந்து சேரும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, ஒரு ஃபிரேம் நேரத்தில் 14 மீட்டர் சொச்சம். பெரிய தியேட்டரில் கடைசி வரிசை ஆள் எல்லாப் படத்தையும் இரண்டு ஃபிரேம் பிந்தித்தான் கேட்கிறார், ஒருநாளும் புகார் சொன்னதில்லை. ஆனால் கால் படியைத் தொடும் முன்பே ஒலி வந்துவிட்டால்? இயற்கையில் எங்கேயும் நடக்காத காரியம் அது. உங்கள் நண்பர்கள் சிரித்ததில் பாதி இதற்காகவும் இருக்கலாம்.

தாளக்கட்டு · காலை 11:02

அருமை. எங்கள் பாஷையில் சொன்னால் இது எடுப்புச் சிக்கல். பாட்டு தாளத்தோடு சேர்ந்து தொடங்கினால் சமம், தாளத்துக்கு முன்பே தொடங்கினால் அதீதம், தாளம் தொடங்கியபிறகு வந்தால் அனாகதம். மூன்றுமே முறையான எடுப்புகள்தான். நம் தம்பி தெரியாமலே முழுப் படத்தையும் அதீதத்தில் வைத்துவிட்டார்.

நள்ளிரவு_எடிட்டர் · காலை 11:20

வார்த்தை பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஏணிக்கு நான் சொல்லப்போவது அனாகதம்.

ஒற்றைக்கோடு, நரம்பைச் சுண்டுவதைத் தூக்கிவிட்டு ஏணியின் சத்தத்தை மட்டும் யோசியுங்கள். மர ஏணியா? நிஜமாக ஒரு மர ஸ்டூல்மேல் மெதுவாக ஏறிப் பாருங்கள். கால் படுவது ஒரு சத்தம், எடை இறங்குவது வேறொரு சத்தம். முதலில் பாதம் மரத்தைத் தொடும், ‘தப்’ என்று லேசாக. உடனே ஒன்றும் நடக்காது. பிறகு உடம்பு முன்னால் சாய்ந்து முழு எடையும் அந்தக் காலுக்கு வரும்போதுதான் மரம் முனகும். அந்த இடைவெளி இளைஞனுக்கு இரண்டு மூன்று ஃபிரேம், உங்கள் தாத்தாவுக்கு எட்டு ஒன்பதுகூடப் போகலாம், ஏனென்றால் அவர் படியை நம்பவில்லை. தொடும் ஒலியைத் தொடும் ஃபிரேமில் வையுங்கள். முனகலைப் பிந்த வையுங்கள். எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு வயது.

ஹாலிவுட் ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மர்ச் சொன்ன ஒரு கணக்கும் உண்டு. ஒருவர் நடந்தால் காலடி ஓசை கச்சிதமாகப் பொருந்த வேண்டும், இருவர் நடந்தாலும் அப்படியே. மூன்று பேர் ஆகிவிட்டால் எதை எங்கே வைத்தாலும் மூளை எண்ணுவதை விட்டுவிடும். உங்கள் படத்தில் நடப்பது ஒரே ஆள், இரண்டே கால். தப்பிக்க இடமில்லை.

எதிர்த்திசை · மாலை 4:17

எல்லோரும் பொருத்துவதைப் பற்றியே பேசுகிறீர்கள். பொருத்தாமல் விட்டால் என்ன? பேசும்படம் வந்த 1928இலேயே சோவியத் இயக்குநர்கள் ஐசன்ஸ்டைன், புடோவ்கின், அலெக்சாந்திரோவ் மூவரும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். ஒலியைப் படத்தோடு ஒட்டவைக்காதீர்கள், வேண்டுமென்றே முரணாக வைத்துப் பாருங்கள் என்பதுதான் சாரம். தாத்தா தனியாக ஏறும்போது பக்கத்து வீட்டு ரேடியோவில் குஷியான நடனப் பாட்டு ஓடட்டும். திரையில் இருப்பவரின் துக்கத்தைச் சட்டைசெய்யாத இசைதான் அதிகம் வலிக்கும்.

தாளக்கட்டு · மாலை 5:03

அதே ஐசன்ஸ்டைன் பத்து வருடம் கழித்து, 1938இல், இசையமைப்பாளர் புரோக்கோஃபியேவோடு அலெக்சாந்தர் நெவ்ஸ்கி படத்தை எடுத்தார். பிறகு அந்தப் படத்தின் இசைக்குறிப்புகளையும் காட்சிகளின் கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, பாருங்கள் எப்படி ஒத்துப்போகிறது என்று ஒரு பெரிய அட்டவணையே போட்டார்! தத்துவவாதி அடோர்னோவும் இசையமைப்பாளர் ஐஸ்லரும் 1947இல் அதைப் பிடித்துக் கிழித்தார்கள். இசை காலத்தில் நகர்கிறது, சட்டகம் அசையாமல் நிற்கிறது, ஏட்டில் ஏறும் கோடும் மலையின் கோடும் ஒன்றாவது எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ரேடியோ யோசனை மோசமில்லை. ஆனால் 70 நொடிப் படத்தில் அது ‘பார், நான் முரண் செய்கிறேன்’ என்று கைதூக்கிச் சொல்லும். முரணுக்கும் நேரம் வேண்டும். முதலில் அந்தப் பாட்டு யாருடைய மகிழ்ச்சி என்று பார்ப்பவர் உணர வேண்டாமா?

எதிர்த்திசை · மாலை 5:40

70 நொடி போதும் என்பது என் கட்சி. இருந்தாலும் அவர் படம், அவர் இஷ்டம்.

பென்சில்முனை · மாலை 6:10

இசையைப் படத்துக்காக வெட்டுவதா, படத்தை இசைக்காக வெட்டுவதா என்பதும் ஒரு கேள்வி. 1982இல் ஈ.டி.யின் கடைசிக் காட்சிகளுக்கு இசைப்பதிவு நடந்தபோது, இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸால் ஒவ்வொரு அசைவையும் பிடித்தபடியே உயிரோடு வாசிக்க முடியவில்லை. படத்தை நிறுத்திவிடு, கச்சேரி மாதிரி உன் போக்கில் வாசி என்று இயக்குநர் ஸ்பீல்பர்க் சொல்லிவிட்டார். பிறகு அந்த வாசிப்புக்கு ஏற்றபடி படத்தை வெட்டிச் சரிசெய்தார்கள். தம்பிக்கு நல்ல செய்தி: உங்கள் இயக்குநரும் இசையமைப்பாளரும் ஒரே ஆள். சண்டை வராது.

சும்மா_பார்வையாளன் · மாலை 6:15

சம்பந்தமில்லாத ஒரு கேள்வி. டாம் அடிபடும்போது ஒரு அலறல் வருமே, அது யார் குரல்?

சரிபார்ப்போன் · மாலை 6:19

வில்லியம் ஹன்னா. அந்தப் படங்களின் இயக்குநர்களில் ஒருவர், அவரே கத்தியது.

ஒற்றைக்கோடு · வெள்ளி, இரவு 11:55

இரண்டு நாள் ஆகிவிட்டது. செய்ததைச் சொல்கிறேன்.

ஒயர் ஹெட்போன் கிடைத்தது. ஐந்து ஃபிரேமையும் திருப்பி வைத்தேன். அதோடு இடிப்பது போய்விட்டது.

நடையைக் கலைத்து மறுபடி வரைந்தேன்: 20, 20, 22, 30, 24. பென்சில்முனை சார் சொன்னதுபோலவே ஸ்வரங்கள் ஒன்றுகூட உட்காரவில்லை. அழித்துவிட்டேன். ஏழு ஸ்வரத்தையும் ஒரேயடியாக அழிக்க மனசு வரவில்லை, ஒரு நாள் முழுக்க வேறு டிராக்கில் மியூட் செய்து வைத்திருந்தேன்.

பழைய மர நாற்காலி ஒன்றில் ஏறி இறங்கி, முழங்கையால் அழுத்தி, முனகலைப் பதிவுசெய்தேன். முதல் படியில் தொட்ட நான்காவது ஃபிரேமில் முனகல், ஐந்தாவது படியில் பத்தாவது ஃபிரேமில். ஆறாவதில் கால் தொடுகிறது, தாத்தா நிற்கிறார், கீழே திரும்பிப் பார்க்கிறார். அங்கே முனகலே இல்லை. 60 ஃபிரேம் அமைதி போதவில்லை, 84 ஆக்கினேன். அவர் திரும்ப மேலே பார்க்கும்போதுதான் மரம் முனகுகிறது. இசை என்று இருப்பது தம்பூரா மாதிரி நீளும் ஒரே ஒரு ச, அதுவும் மிகத் தாழ்வாக.

அதே நான்கு பேருக்குக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அதில் ஒருவர், ஆறாவது படி உடைந்துவிடுமோ என்று பயந்தேன் என்றார். பாட்டியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. சோகம் வேண்டும் என்றேன், திகில் வந்திருக்கிறது.

நள்ளிரவு_எடிட்டர் · சனி, நள்ளிரவு 12:20

தூங்காமல் இருக்கிறீர்களா? நல்லது. அமைதியை வைத்து அதற்குள் ஒன்றுமே போடாவிட்டால், ஏதோ நடக்கப்போகிறது என்றுதான் காது காத்திருக்கும். அந்த 84 ஃபிரேமுக்குள் கீழே இருக்கும் அறை கேட்க வேண்டும். சுவர்க் கடிகாரம், தூரத்துத் தண்ணீர்க் குழாய், ஏதாவது ஒன்று. படம் தொடங்கியதிலிருந்தே அது இருக்கட்டும், காலடிச் சத்தத்தில் மூழ்கிக் கிடக்கட்டும். அவர் கீழே பார்க்கும்போதுதான் அது கேட்கிறது என்று நாம் உணர வேண்டும்.

பென்சில்முனை · காலை 6:30

அதோடு அவர் கை. கீழே பார்க்கும்போது ஒரு கையை ஏணியிலிருந்து கொஞ்சம் எடுக்கவிடுங்கள், யாரிடமோ பழைய பல்பைக் கொடுக்கப்போகிறவர் மாதிரி. பிறகு திரும்ப வைக்கட்டும். அந்தக் கைக்கு ஒலியே வேண்டாம்.

ஒற்றைக்கோடு · காலை 6:48

பழைய பல்ப்! அதை யாரிடம் கொடுப்பார் என்று நான் யோசிக்கவே இல்லை சார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். வரைந்துவிட்டு வருகிறேன்.